படிவத்தில் இல்லாத உழவர்

கதையையும் கவிதையையும் ஆராயும் ஏட்டில் நிவாரணப் படிவம் ஒன்றை எடுத்து ஆராய்வது முறையாகுமா என்று வாசகரிற் சிலர் கேட்கக்கூடும். முறையே என்பது என் துணிபு. சொற்களைத் தேர்ந்து, சிலவற்றைச் சொல்லி, சிலவற்றைச் சொல்லாது விட்டு, மனித வாழ்வு ஒன்றைப் பற்றி ஒரு முடிவை நிலைநாட்டும் எழுத்து எதுவாயினும் அது விமர்சனத்துக்கு உரியது. சிறுகதை ஒன்று பிழையாக எழுதப்பட்டால் வாசகனுக்கு அரை மணி நேரம் நட்டம். படிவம் ஒன்று பிழையாக எழுதப்பட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு போகம் நட்டம். இவ்விரண்டில் எதனை முதலில் விமர்சிக்க வேண்டும் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்கள் மிகுதியும் சிதைந்தன. மண்சரிவு என்னும் சொல்லை மலையகத்துப் பிள்ளைகள் அகராதியைப் பார்த்துக் கற்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்த நாளிலிருந்து அச்சொல் எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. எனினும் இம்முறை சரிந்தது ஒரு மலை அன்று, பல மலைகள்.

டிசெம்பர் முற்பகுதியில் அரசு நிவாரணத் திட்டமொன்றை அறிவித்தது. பாதிக்கப்பட்ட வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய். முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய். அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேயருக்கு 1,50,000 ரூபாய். மரக்கறிப் பயிருக்கு வேறொரு கணக்கு. இத்தொகைகள் அற்பமானவை என்று சொல்வது நேர்மையாகாது. 2016 இல் தொடங்கப்பட்ட தேசிய அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில் வீடொன்றுக்கு உச்ச வரம்பு 25 இலட்சமாக இருந்தது. அதனோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய அடி. கொடுக்கும் கை நீண்டிருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன். என் கேள்வி அந்தக் கையின் நீளத்தைப் பற்றியதன்று. அது யாரை நோக்கி நீள்கிறது என்பதைப் பற்றியது.

டயகமவை அறியாத வாசகருக்கு இரண்டொரு சொல். அக்கரப்பத்தனையைக் கடந்து மேலே ஏறும் வீதி தேயிலைக்குள் சென்று முடியுமிடம் அது. அதற்கு மேலே காடும் ஹோட்டன் சமவெளியும். அங்கிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி, மகாவலியிற் போய்க் கலக்கிறது. பொலன்னறுவையின் வயல்களுக்குப் பாயும் பெருநதியின் தலைநீர் எங்கள் லயன்களின் பின்புறத்துக் கான்களில் ஓடும் நீரே. இந்த உண்மையைப் பூகோள பாடத்திற் கற்பிக்கும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு சிறு பெருமை தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். அந்த நீர் கீழே பாய்ந்து விளைவித்த நெல் அழிந்தால் அதற்குக் கணக்கு உண்டு. அந்த நீர் மேலே, பிறந்த இடத்திலேயே, பாத்தி கட்டி விளைவித்த கரட்டையும் லீக்ஸையும் அடித்துக்கொண்டு போனால் அதற்குக் கணக்கு உண்டா? இதுவே நான் எழுப்ப விரும்பும் வினா.

வெளியூர் வாசகர் மலையகம் என்றதும் தேயிலைச் செடியையும் கூடை சுமந்த பெண்ணையுமே நினைப்பர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்பவனுக்கு இன்னொரு காட்சியும் தெரியும். லயனுக்குப் பின்னால், ஓடைக்கரையில், தேயிலை பிடிக்காத சரிவில், கைவிடப்பட்ட காட்டின் ஓரத்தில், கல் பொறுக்கி, மண் சுமந்து, படிப்படியாகக் கட்டிய மரக்கறிப் பாத்திகள் அவை. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட். காலையில் கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் இந்தப் பாத்தியில் ஒரு மணி நேரம் குனிந்து நிற்பாள். பதுளைக்கும் கொழும்புக்கும் வேலை தேடிப் போன மகன் அனுப்பும் காசு விதைக்கிழங்குக்கும் மருந்துக்கும் போகும். விளைந்ததை லொறிக்காரர் வந்து அவர் சொல்லும் விலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். நாட்சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் சரி. பிள்ளையின் சப்பாத்தும் வகுப்புக் காசும் பாத்தியிலிருந்தே வருகின்றன. என் வகுப்பில் உயர்தரம் வரை வந்த பிள்ளைகளிற் பலரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது தேயிலையன்று, கரட் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அது முழுவதும் விளையாட்டன்று.

புயல் ஓய்ந்த சில வாரங்களின் பின் ஒரு மாணவியின் தாயார் பாடசாலைக்கு வந்தார். கையில் மடித்த தாளொன்று. பயிரழிவைப் பதியும் தாள் அது. எந்த அலுவலகம் கொடுத்தது என்பது இங்கு முக்கியமன்று. எல்லா அலுவலகத் தாள்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஓடைக்கரையில் அவர் வைத்திருந்த பாத்திகள் மண்ணோடு போய்விட்டன. பயிர் மட்டும் போயிருந்தால் மறுபடி நடலாம்; பதினைந்து ஆண்டுகள் சாணமிட்டுச் சேர்த்த மண்ணே போய்விட்டது. அந்த மண்ணின் விலையைக் கேட்கும் கட்டம் தாளில் இல்லை. இருந்த கட்டங்கள் வேறு: காணி உரிமையாளரின் பெயர், உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் இலக்கம், பயிரிட்ட பரப்பு, விவசாய அமைப்பின் பதிவு. இறுதியாக, விண்ணப்பதாரியின் தொழில்.

“தொழில்ன்னு இருக்கிற எடத்துல என்னம்மா எழுதட்டும்? விவசாயம்ன்னு போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் சற்றே சிரித்தார். “நாங்க தோட்டத்து ஆளுங்க சேர். எங்கள்ல வெவசாயி ஏது? கொழுந்து எடுக்கிறதுன்னே எழுதுங்க.”

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. தாளின் கட்டங்கள் அவரை வெளியே தள்ளின என்று சொல்வது எளிது. ஆனால் தாள் தள்ளுவதற்கு முன்பே அவர் தாமாகவே ஒதுங்கி நின்றார். பதினைந்து ஆண்டுகள் மண்வெட்டி பிடித்த ஒருவர் தம்மை உழவர் என்று நினைக்கவில்லை. இந்த நினைப்பை அவருக்குக் கொடுத்தவர் யார்? சட்டமா, தோட்ட நிர்வாகமா, தொழிற்சங்கமா, இலக்கியமா? நான்கும் என்பதே என் விடை. நான்காவதைப் பற்றிப் பேசுவது என் கடமையாதலால் முதல் மூன்றையும் விரைவாகக் கடந்து செல்கிறேன்.

சட்டத்தின் கதை பலரும் அறிந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கிப் பங்கு பிரித்தது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின, காணியில் வேலை செய்தவன் கையில் காணி வரவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. 2003 இல் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. ஆக, குடிமகன் என்று ஆனபோது காணியின் கதவு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. ஓடைக்கரைப் பாத்தி யாருடையது என்று கேட்டால் சட்டப்படி விடை: அரசுடையது, குத்தகைக்குக் கம்பனியிடம் இருப்பது. அதைக் கட்டியவர் யார் என்று கேட்கும் சட்டம் இல்லை. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாயக் காணிகளுக்கென இடாப்பு ஒன்றை வகுத்தது. கிராமத்து உழவனுக்கு அந்த இடாப்பு ஓர் அடையாளம். உரமும் மானியமும் நட்டஈடும் அந்த வழியாகவே நடந்து வருகின்றன. தோட்டத்தவனின் பெயர் பெரும்பாலும் செக்றோலில் இருக்கும். கமநல இடாப்பில் இருக்காது. ஒரே மாவட்டத்தில், ஒரே மழையில், ஒரே கரட்டை இழந்த இருவருள் ஒருவன் இடாப்பில் இருப்பதாலும் மற்றவன் செக்றோலில் இருப்பதாலும் இருவேறு மனிதராகிறார்கள்.

பரப்பளவு பற்றியும் ஒரு வார்த்தை. அரசின் கணக்கு ஹெக்டேயரில் ஓடுகிறது. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 395 பேர்ச். தோட்டத்துப் பாத்தி பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச். நெல்லுக்குரிய வீதத்தையே எடுத்துக்கொண்டாலும் பத்துப் பேர்ச்சுக்கு 3,800 ரூபாய் வராது. உரிமைத் தடையெல்லாம் நீங்கி அந்தத் தாய்க்குப் பணம் கிடைத்தாலும், அந்தப் பணத்துக்காக அவர் இரண்டு மூன்று நாட்சம்பளத்தை இழந்து பஸ் ஏறி அலைய வேண்டும். நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மூன்று நாள் வேலையை விட்டால் கணக்கு நேராகிவிடும்! பெருநிலத்தை அளக்கும் கோலால் சிறுநிலத்தை அளப்பதில் இந்த வேடிக்கை எப்போதும் உண்டு. ஹெக்டேயர் ஒரு நடுநிலையான அலகு என்று நம் கணித ஆசிரியர்கள் கருதுவர். நிவாரணத் தாளில் அது ஒரு வர்க்கத்தின் அலகு.

இனி இலக்கியம். புறநானூற்றின் 35 ஆம் பாட்டைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது. பாடிப் பழைய செய்க்கடனை நீக்கிக்கொண்டார் என்று அதன் அடிக்குறிப்புச் சொல்கிறது. ஆக, தமிழில் நிவாரண விண்ணப்பம் ஒன்று கிடைப்பதானால், அது இதுவே. விண்ணப்பத்தை எழுதியவர் ஒரு புலவர், ஏற்றவன் ஓர் அரசன், விளைவு வரித் தள்ளுபடி. பல்கலைக்கழகத்தில் இப்பாட்டைப் படித்தபோது அதன் துணிவு கண்டு வியந்தோம். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார் புலவர். வெண்கொற்றக் குடை வெயிலை மறைப்பதற்கு அன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்கு என்கிறார். படையின் வெற்றியே கொழுமுனையின் சாலில் விளைவது என்கிறார். இயற்கையின் சீற்றத்துக்கு யாரும் பொறுப்பல்ல என்று கைவிரிக்கும் இன்றைய பேச்சுக்கு முன்னால் இந்த வாதம் எத்துணை முற்போக்கானது! புயலை அரசு அனுப்பவில்லை. எனினும் புயலின் பின் வரும் துன்பத்துக்கு அரசே பொறுப்பு என்னும் கொள்கையை நம் புலவன் அன்றே நிறுவிவிட்டான்.

ஆயினும் ஆசிரியனான பின், டயகமவின் வகுப்பறையில் நின்று அதே பாட்டைப் படிக்கும்போது வேறொன்று கண்ணிற் படுகிறது. தள்ளுபடி செய்யப்பட்டது எது? செய்க்கடன். செய் உடையவனுக்கே செய்க்கடன் உண்டு. கடன் உள்ளவனுக்கே தள்ளுபடி உண்டு. அந்தச் செய்யில் இறங்கி நாற்று நட்ட களமனுக்கும் கடைசியர்க்கும் அரசனின் ஏட்டில் கடனும் இல்லை, ஆகவே அருளும் இல்லை. புலவர் உழவரின் பாரத்தைக் காக்கச் சொன்னார் என்பது மெய். காளை பூட்டி உழும் குடியைக் காத்தால் ஏனைக் குடிகளும் காக்கப்படும் என்பது அவர் தருக்கம். மேலிருந்து கீழே வழியும் இந்தத் தருக்கம் இன்றும் அலுவலகங்களில் உயிரோடிருக்கிறது. பதிவுள்ளவனுக்குக் கொடுத்தால் அவன் வழியாகப் பதிவில்லாதவனுக்கும் ஏதோ சென்று சேரும் என்ற நம்பிக்கை அது. இப்படிச் சொல்வதால் நான் சங்கப் புலவரைக் குறை கூறுவதாக எண்ண வேண்டா. அவர் காலத்து எல்லை அது. நம் காலத்தில் அதே எல்லைக்குள் நிற்பதற்கு நமக்கு என்ன நியாயம் என்பதே கேள்வி.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய நோயுமன்று. அமெரிக்காவில் 1933 இல் பயிர்ப் பரப்பைக் குறைக்கும் உழவருக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியபோது பருத்தி நாட்டில் பணம் நிலக்கிழார் கைக்கே போயிற்று. பங்கு வாரத்துக்கு உழைத்தோர் பணமும் இன்றி, பல இடங்களில் நிலத்திலிருந்தும் துரத்தப்பட்டனர். 1934 இல் ஆர்க்கன்ஸோ மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குத்தகை உழவர் சங்கம் அமைத்தது அந்த அநீதியிற் பிறந்ததே. இந்தியாவில் 2019 இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டம் நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்கே உரியது; குத்தகைக்குப் பயிரிடுவோன் அதில் உழவன் அல்லன். தமிழகத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மரத்துக்கு 1,100 ரூபாய், ஹெக்டேயருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய் அறிவிக்கப்பட்டது. மரத்தை எண்ணினார்கள். மரம் ஏறியவனையும் தேங்காய் உரித்தவளையும் எந்த அலகால் எண்ணுவது? நிவாரணம் என்பது இழப்பைப் பின்தொடர்வதாக நாம் நினைக்கிறோம். அது உரிமையைப் பின்தொடர்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் பட்டினி பற்றி 1981 இல் எழுதிய நூலின் சாரமும் ஏறக்குறைய இதுவே. உணவு இல்லாமையினும் உணவின்மேல் உரிமை இல்லாமையே கொல்கிறது என்றார் அவர்.

இனி நம் பக்கம் திரும்புவோம். இப்பகுதியை எழுதுவது எனக்கு அத்தனை இன்பமாக இல்லை.

மலையக இலக்கியம் கூடையிற் பிறந்தது. புதுமைப்பித்தன் 1935 இல் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைத் தமிழகத்து வாசகனுக்குக் காட்டியது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மனிதனின் உழைப்பையும் மரணத்தையும் கவிதையாக்கினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964 இல் வந்தது. பச்சை தூரத்தில் மட்டுமே குளிர்ச்சி என்பதை அதன் பெயரே சொல்லும். என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையே கதையின் உயிர்நாடி. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ லயன் அறையின் நெருக்கடியை, அதனால் சிதையும் மானத்தை, வேறு எவரும் சொல்லாத வண்ணம் சொன்னது. இவர்கள் இல்லையேல் நாங்கள் இல்லை. பேச்சற்றுக் கிடந்த ஒரு மக்கட் கூட்டம் ‘தொழிலாளி’ என்னும் பெயரோடு தலைநிமிர்ந்தது இவர்களாலும் தொழிற்சங்கங்களாலுமே. ‘கூலி’ என்ற சொல்லிலிருந்து ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு ஏற ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தச் சொல்லின் அருமையை நான் குறைக்க வரவில்லை.

ஆனால் ஒரு சொல் விளக்காகும்போதே நிழலும் ஆகிறது. நான் படித்த மலையகக் கதைகளை மனத்துள் ஓட்டிப் பார்க்கிறேன். கங்காணி வருகிறான், கணக்கப்பிள்ளை வருகிறான், துரை வருகிறான். பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், லயன் காம்பிரா வருகின்றன. கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் வருகின்றன. மரக்கறிப் பாத்தி எங்கே? வந்தால் வர்ணனையில் ஒரு வரியாக வருகிறது, லயனுக்குப் பின்னாலிருக்கும் வாழைமரத்தையும் கோழிக்கூட்டையும் போல. பாத்தியால் ஒரு குடும்பம் எழுந்தது அல்லது விழுந்தது என்பதைக் கருவாகக் கொண்ட கதை என் நினைவில் எளிதில் எழவில்லை. விமர்சகர்களாகிய நாமும் அப்படியொன்றைக் கேட்டதில்லை. வர்க்கப் பகுப்பிலே தோட்டத்தவனை ‘பாட்டாளி’ என்னும் கட்டத்தில் இட்டோம். ‘விவசாயி’ என்னும் கட்டத்தைக் கிராமத்துக்கு ஒதுக்கினோம். இரண்டு கட்டத்திலும் ஒருவரே கால் வைத்து நிற்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ள நம் கோட்பாடு தயங்கியது. தோட்டத்தவனுக்குச் சொந்தமாகச் சில பாத்திகள் உண்டு என்று ஒப்புக்கொண்டால் அவன் பாட்டாளித் தன்மை குறைந்துவிடும் என்று அஞ்சினோமோ என்னவோ. தாளை அச்சிட்ட உத்தியோகத்தருக்கும் நமக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமை இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிற்சங்கங்களின் நிலையும் இதனின் வேறன்று. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கான போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்து 2021 இல் வெற்றி கண்டது. அத்தனை ஆண்டுகளும் எங்கள் மேடைகளில் ஒலித்தது அந்த ஓர் எண்ணே. அது தேவையான எண்தான். ஆனால் அதே ஆண்டுகளில் தோட்டத்தின் உள்ளே என்ன நடந்தது? பதிவு பெற்ற தொழிலாளரின் தொகை சுருங்கிக்கொண்டே வந்தது. இன்று அது இரண்டு இலட்சத்தை எட்டாது. தோட்டங்களில் வாழ்வோரோ அதனினும் பல மடங்கினர். எஞ்சியோர் என்ன செய்கிறார்கள்? கொழும்புக் கடைகளிலும் பிறர் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை, இல்லையேல் பாத்தி. பலர் இரண்டையும் செய்கிறார்கள். ‘தோட்டத் தொழிலாளி’ என்னும் சொல் இன்று தோட்டத்தில் வாழும் பெரும்பாலோரைக் குறிக்காத சொல்லாகிவிட்டது. யதார்த்தம் இடம்பெயர்ந்துவிட்டது; யதார்த்தவாதம் பழைய முகவரியிலேயே குடியிருக்கிறது.

மீரியபெத்தையின் பின் நாங்கள் எழுதிய கவிதைகளை எண்ணிப் பார்க்கிறேன். அன்று நானும் ஒன்று எழுதினேன். நல்ல வேளையாக அதை எவரும் அச்சிடவில்லை. மண்ணுக்குள் போன மக்களைப் பற்றி, லயனின் இருளைப் பற்றி, நூற்றைம்பது ஆண்டுத் துயரைப் பற்றிப் பாடினோம். அபாயம் பற்றிய எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அகற்றப்படவில்லை என்ற கோபமும் இருந்தது. எல்லாம் நியாயமே. 2016 இல் மக்கல்தெனியவில் தப்பியோருக்கு வீடுகள் கையளிக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்பது அக்காலத் தோட்ட வீடமைப்பின் அளவு. ஏழு பேர்ச்சில் வீடு நிற்கும், பாத்தி நிற்காது. வீட்டை நாம் கேட்டோம், கிடைத்தது. பாத்தியை நாம் கேட்கவில்லை. அதைக் கேட்கும் சொல் எங்கள் கவிதையில் இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. பதிவில்லாத பயிருக்கெல்லாம் பணம் கொடுக்கத் தொடங்கினால் பாத்தி இல்லாதவனும் பாத்தி கேட்பான். ஒரே சரிவை மூவர் தமதென்பர். இடையில் நிற்கும் செல்வாக்குள்ளவர் கொழுப்பர். இதில் உண்மை இல்லை என்று சொல்ல நான் அத்தனை அப்பாவியல்லேன். தோட்டத்தில் நிவாரண அரிசி பங்கிட்ட நாட்களைக் கண்டவன் நான். ஆயினும் வீட்டுத் துப்புரவுக்கான 25,000 ரூபாய் விஷயத்தில் அரசே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. வீட்டின் உறுதி யார் பெயரில் என்பதை அக்கொடை பெரிதாகக் கொள்ளவில்லை. யார் குடியிருந்தார் என்பதையே கொண்டது. குடியிருந்தவரைக் கண்டறிய முடியுமானால் பயிரிட்டவரையும் கண்டறிய முடியும். தோட்டத்தில் எந்தப் பாத்தி யாருடையது என்பது லயனில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். சண்டை வந்தால் எல்லை காட்டும் கல் எது என்பதும் தெரியும். விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் அளவுநாடாவும் நான்கு உயர்தர மாணவரும் போதும், ஒரு தோட்டத்துப் பாத்திகளை ஒரு வாரத்தில் அளந்துவிடலாம். அப்படி அளந்து ஓர் இடாப்பு எழுதினால் அது அடுத்த புயலுக்கும் உதவும். அதை விரும்பாதோர் உண்டு. இடாப்பில் ஏறிய பெயர் நாளைக்கு உரிமை கேட்கும் என்பதைக் குத்தகைக்காரர் நன்கு அறிவர். எங்கள் தலைவர்களிற் சிலரும் அறிவர் என்றே நினைக்கிறேன்.

புயலுக்குப் பின் பாடசாலை திறந்தபோது பத்தாம் வகுப்புக்கு ‘எங்கள் தோட்டம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். முப்பத்திரண்டு பேர் எழுதினர். பச்சைக் கம்பளம், பனிமூட்டம், கூடை சுமந்த தாய், நாட்டின் முதுகெலும்பு ஆகியவை முறை தவறாமல் வந்தன. அவை பாடநூலிலிருந்தும் நான் கற்பித்த கதைகளிலிருந்தும் வந்தவை, குற்றம் என்னுடையது. ஒரே ஒரு பெண் மட்டும் லீக்ஸ் பாத்தியைப் பற்றி எழுதியிருந்தாள். விதை என்ன விலை, எத்தனை நாளில் நாற்று, எந்த மாதத்தில் லொறிக்காரர் விலையைக் குறைப்பார், ஓடை எந்தப் பக்கமாகத் திரும்பிற்று, எத்தனை பாத்தி போயிற்று. உவமை ஒன்றுகூட இல்லை. எழுத்துப் பிழை பதினொன்று. தலைப்பைப் பிழையாக விளங்கிக்கொண்டேனோ சேர் என்று அடிக்குறிப்பு வேறு எழுதியிருந்தாள். அந்தத் தாய் கொண்டுவந்த தாளில் இருந்திருக்க வேண்டிய கேள்விகள் அனைத்துக்கும் அந்தக் கட்டுரையில் விடை இருந்தது.

அவள் அந்தத் தாயின் மகளே.

மறுநாள் தாயாரை மறுபடி அழைத்தேன். தொழில் என்ற கட்டத்தில் ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளி, மரக்கறி விவசாயி’ என்று இரண்டையும் எழுதினேன். கட்டம் சிறியதாகையால் இரண்டாவது சொல் கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போயிற்று. உரிமையாளர் என்ற இடத்தில் கோடு கிழித்தேன். பரப்பு என்ற இடத்தில் ‘12 பேர்ச், அளந்து பார்க்கவும்’ என்று எழுதி, மகளின் கட்டுரையின் ஒரு பிரதியையும் இணைத்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டார்களாம். இணைப்பு எதற்கு என்று கேட்டார்களாம். இதை எழுதும் வரை பதில் ஏதும் வரவில்லை. ஓடைக்கு மேற்புறத்தில், மண் சற்றுப் பிடிப்பாக உள்ள இடத்தில், நான்கு புதிய பாத்திகள் கட்டியிருக்கிறார்கள். விதைக்குக் கடன் கொடுத்தவர் லொறிக்காரரே.